நீச்சல் குளத்துப் பூதம்

"தண்ணிக்கு அடியில ஒரு பூதம் வந்து என் படகைக் கவிழ்த்துடுச்சு, கோச்சம்மா! நான் விடுவேனா? அதை உதறிட்டு, ஒரு முழுச் சுத்து சுத்தி, அந்தப் பக்கமா எழுந்து வந்துட்டேன். படகை விட்டு இறங்கவே இல்லை!"

லிஃப்ட்காரர் இதைச் சொன்ன இடம் நடுக்கடல் அல்ல. கூரை போட்ட நீச்சல் குளம். நெஞ்சளவுத் தண்ணீர், அடியில் பளபளவென்று நீல டைல்ஸ். பூதம் கிடக்கட்டும், ஒரு தவளை ஒளிந்துகொள்ளக்கூட அங்கே இடம் கிடையாது.

சுற்றி மிதந்த கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகுகளில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் குளத்தில் அலை எழுந்தது.

கயாக்கில் கால்களை உள்ளே நீட்டி, இடுப்பு வரை செருகிக்கொண்டு உட்கார வேண்டும். கவிழ்ந்தால் தலை கீழே, படகு மேலே. பதறாமல் துடுப்பை ஒரு வீசு வீசி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, உருண்டு நிமிர வேண்டும். நிமிர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தீவு வரை பயணம். நிமிராதவர்கள் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் செருப்புக்குக் காவல்.

லிஃப்ட்காரருக்கு அந்தத் தீவு வேண்டும். ஓய்வு பெறும்வரை லிஃப்ட் இயக்கி மேலே, கீழே, மேலே, கீழே என்று அவர் போன தூரத்தைச் சேர்த்தால் நிலாவுக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் முன்பக்கமாக ஓர் அடி நகர்ந்ததில்லை. "ஒரு தடவையாவது நேரா போய் எங்கயாவது சேரணும்மா" என்று மகளிடம் புலம்பினார். மகள் இந்த வகுப்பில் சேர்த்துவிட்டாள். கூடவே தன் மாமியாரையும் சேர்த்துவிட்டாள். அதுதான் வினை.

"நீங்க உருண்டதை யார் சார் பார்த்தா?" என்றாள் கோச்.

"யார் பார்ப்பாங்க? மொத்தக் கும்பலும் என் சம்பந்தியம்மாவுக்குக் கைதட்டிட்டு இருந்தீங்க! நான் உள்ள போனதும் தெரியல, வெளிய வந்ததும் தெரியல. என் தலையைப் பாருங்க, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு!"

"எல்லார் தலையும்தான் நனைஞ்சிருக்கு" என்றார் பக்கத்துப் படகுப் பல் டாக்டர். "அதுல நாலு முடி இருந்தாலாவது எவ்வளவு நனைஞ்சதுன்னு தெரியும்."

மறுபடி சிரிப்பு. லிஃப்ட்காரருக்கு உச்சி சுட்டது. எத்தனை கதை அளந்திருப்பார்! லிஃப்டுக்குள் பிரசவமே பார்த்ததாகச் சொன்னதைக்கூட நம்பினார்களே! இன்று ஒரு சொல் கூட்டாமல் சொல்கிறார், சிரிக்கிறார்கள்.

"சம்பந்தியம்மாவையே கேளுங்க. ஒட்டினாப்ல அவங்க படகுதான் இருந்துச்சு."

வகுப்பிலேயே முதலாவதாக உருண்டு எழுந்தவர் என்று சற்றுமுன் பெயர் வாங்கிய சம்பந்தியம்மா, துடுப்பில் ஏதோ அழுக்கைச் சுரண்டினார்.

"நான் எதையும் பார்க்கல. கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்து எத்தனையோ சாட்சி அடிச்சிருக்கேன். பூதம் வந்துச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்லை."

"ஏங்க, உங்க பையனுக்குப் பொண்ணையே கொடுத்திருக்கேன். எனக்கு ஒரு சாட்சி கொடுக்கக் கூடாதா?"

"பொண்ணு கொடுத்தா பொய்ச்சாட்சி சொல்லணுமா?"

"பொய்யா! அடப்பாவமே, இது அநியாயம்! அவங்க உருண்டா கைதட்டல், நான் உருண்டா கட்டுக்கதையா? நான் செருப்புக்குக் காவலா?" துடுப்பால் தண்ணீரை ஓங்கி அறைந்தார். பல் டாக்டர் முழுக்க நனைந்தார்.

"சரி சார், இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க, போதும்" என்றாள் கோச்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்தார். கவிழ்ந்தவர் கவிழ்ந்தபடியே இருந்தார். துடுப்பு ஒரு பக்கம் போனது, குமிழிகள் இன்னொரு பக்கம் போயின. கோச்தான் படகைப் புரட்டி நிமிர்த்தினாள்.

"அந்தப் பூதம் இல்லாம எப்படிங்க வரும்?" என்று இருமினார். "இப்ப பார்த்து எங்கயோ போயிடுச்சு!"

இந்தத் தடவை கோச்சுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "கோபப்படாதீங்க சார். அம்மாவைப் பார்த்துக் கத்துக்கலாம். அம்மா, முன்ன செஞ்ச மாதிரியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. மத்தவங்க எல்லாரும் தள்ளிப் போய் இடம் விடுங்க."

முதல் ஆளாக விலகியவர் லிஃப்ட்காரர்தான். இருந்த ஆத்திரத்தில், துடுப்பைக் குத்திக் குத்திக் குளத்தின் மறுகோடிக்கே போய்விட்டார்.

நடுக்குளத்தில் சம்பந்தியம்மா மட்டும் மிதந்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர்.

"சம்பந்தி... கொஞ்சம் பக்கத்துல வாங்களேன்."

"எதுக்கு? சாட்சிக்கா? எனக்கும் கண்ணு தெரியாது!"

"அப்படியில்லை... சும்மா, ஒரு தைரியத்துக்கு."

"முதல் ஆளா எழுந்தவங்களுக்கு என் தைரியம் எதுக்கு? நீங்க உருளுங்க, நான் கைதட்டறேன்!"

"ரெடியா அம்மா?" என்றாள் கோச். எல்லோரும் வாயைப் பிளந்து காத்திருந்தார்கள்.

சம்பந்தியம்மா துடுப்பை மடியில் குறுக்கே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"அவர் உருண்டது நிஜம்தான், கோச்சம்மா. தலைகீழாத் தொங்கிட்டிருந்த நான், கையில அகப்பட்ட அவர் படகைப் பிடிச்சு இழுத்துத்தான் மேல வந்தேன்... அந்தப் பூதம் நான்தான்."