ஒன்பது நிமிடம்

"இப்ப எதுக்கு சார் வந்தீங்க? தீபத்துக்கு லீவு தர்றேன்னு போன்ல சொன்னீங்க. பொணமாத்தானே அனுப்பி வெச்சீங்க!"

சந்திரகலா கத்தினாள். திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருந்த அந்தப் புது வீட்டு வாசலில் பலராமன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

நாகப்பட்டினம் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டும் தனியார் கம்பெனியில் அவர்தான் இன்சார்ஜ். அவருக்குக் கீழே டிரில்லராக இருந்தவன் அருணகிரி, சந்திரகலாவின் புருஷன். கிணறு வெடித்து, இன்னும் மூன்று பேரோடு அவன் கருகிச் செத்து நாற்பது நாள்தான் ஆகிறது.

சந்திரகலாவின் தம்பி வேணுதான் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"டிரில்லரோட அலட்சியம்னு பேப்பர்ல போட்டுட்டாங்க சார்" என்றாள் அவள். "செத்த மூணு பேரு வீட்டுலயும் இவரைத்தான் திட்டறாங்க. எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போறதையே நிறுத்திட்டா."

"அதுக்குத்தாம்மா வந்தேன். அருணகிரி மேல தப்பில்ல. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், விசாரணையில குடுங்க."

வேணு காகிதம் கொண்டுவந்து கொடுத்தான். "என்னதான் சார் ஆச்சு?"

"தோண்டறப்ப குழாய் வழியா சேத்துக் கலவையை உள்ள அனுப்புவோம் தம்பி. அதோட கனம்தான் கீழ இருக்கிற கேஸை அமுக்கிப் பிடிக்கும். அனுப்பினதைவிட ஜாஸ்தியா மேல வந்தா, கேஸ் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். ஒடனே கிணத்து வாயை மூடணும். டிரில்லர் ஒரு லீவரை இழுத்தாப் போதும்."

"அப்புறம் அவர் ஏன் இழுக்கல?" சந்திரகலா குறுக்கிட்டாள்.

"இழுக்க விடாம நான்தான் வெச்சிருந்தேன்." பலராமன் காகிதத்தை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தார். "மூடினா ஒரு நாள் வேலை கெட்டுடும், மேல இருக்கிறவங்க என்னைத்தான் கேப்பாங்க. அதனால, என்னைக் கேக்காம யாரும் மூடக் கூடாதுன்னு ஆர்டர் போட்டிருந்தேன். முன்ன ஒரு தடவை அருணகிரி தானா மூடினாரு. பதினஞ்சு நாள் சஸ்பெண்ட் பண்ணேன்."

அந்தப் பதினைந்து நாள் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. கடுகடுவென்று வீட்டிலேயே கிடந்தான் மனுஷன்.

"அந்த பயத்துல அன்னிக்கு என் ரூமுக்கு போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்காரு. கடைசியா ஒரு ஆளையும் அனுப்பியிருக்காரு. அவன் ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதான் அந்த ஆள் பிழைச்சான். ஒன்பது நிமிஷம் லைன் என்கேஜ்டா இருந்துச்சும்மா."

"ஒன்பது நிமிஷமா? யாரோட சார் அப்பிடிப் பேசினீங்க?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"என் சம்சாரத்தோட. அன்னிக்கு நீங்க லீவு கேட்டுப் பேசிட்டு போனை வெச்ச ஒடனே அவ போன் பண்ணினா. வீட்டு விஷயந்தான்."

சந்திரகலா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! அவ நல்லா இருப்பாளா? நாலு குடும்பத்தைக் கெடுத்துட்டாளே! அவளும் என்னை மாதிரி தாலியறுத்துட்டு மூலையில உக்காரணும். அண்ணாமலையார் கேக்கட்டும்!"

"அக்கா!" என்று வேணு பதறினான்.

"விடுங்க தம்பி, சொல்லட்டும்."

"அதையும் எழுதுங்க சார். அவ பேரைப் போட்டு எழுதுங்க. ஊரு தெரிஞ்சுக்கட்டும்."

"பேர் வேணாம்மா. ஆர்டர் போட்டது நான். தப்பு என்னோடது."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். புருஷன் மேல் தப்பில்லை என்ற வரியை மட்டும் சந்திரகலா திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு அதை அருணகிரி படத்துக்குக் கீழே வைத்து ஓவென்று அழுதாள். செத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

வேணு பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தான். "இந்தக் காகிதத்தை வெச்சே உங்களை உள்ள தள்ளிடுவாங்க சார்."

"தள்ளட்டும்."

"அக்கா ஏதோ ஆத்திரத்துல சாபம் விட்டுடுச்சு. உங்க வீட்டம்மா காதுக்குப் போக வேணாம்."

"எனக்கு ஏது தம்பி வீட்டம்மா? கல்யாணமே ஆகல."

வேணு திகைத்து நிற்கும்போதே பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்த பலராமன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஒன்பது நிமிஷமும் லைன்ல இருந்தது உங்க அக்காதான், லீவு குடுங்கன்னு கெஞ்சிக்கிட்டு. சாகற வரைக்கும் அவங்களுக்கு இது தெரியக் கூடாது."