புலிக் கூண்டில் ராசு

"ஆட்டுக்கு டிக்கெட் எம்புட்டு?"

கவுன்ட்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். முதலில் சூசைமாணிக்கம் தெரிந்தார். பக்கத்தில் ரெண்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் இளவேனில். அவள் கையில் ஒரு கயிறு. கயிற்றின் அந்தப் பக்கம், கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு, நல்லா கொழுகொழுவென்று ஒரு கிடா. பேர் ராசு.

"யோவ், இது மிருகக்காட்சி சாலைய்யா!"

"அதனாலதான் கேக்குறேன். மிருகத்துக்குத் தனி ரேட்டா, எங்க ரேட்டேதானா?"

ஞாயிற்றுக்கிழமை. சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் அந்த மிருகக்காட்சி சாலையில் திண்டுக்கல் சனம் பாதி வந்து நின்றது. வரிசை நகரவில்லை என்றால் சும்மா இருப்பார்களா?

"என்னப்பு, புலிக்குப் போடவா கொண்டாந்துருக்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார்.

பாவம், அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். வரிசையின் கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது உறுதியான செய்தியாகிவிட்டது.

"அடப்பாவி!" ஊதாச் சேலை கட்டிய அம்மா ஒருத்தர் வரிசையைப் பிளந்துகொண்டு வந்தார். "வாயில்லாச் சீவனப் புலிக்குப் போட எப்படிய்யா ஒனக்கு மனசு வருது? பெத்த பிள்ளைய வேற கூட்டியாந்து காட்டுறியா? நீயெல்லாம் வெளங்குவியா, கொலகாரப் பாவி!"

அவர் கையிலிருந்த தூக்குவாளியிலிருந்து மட்டன் பிரியாணி வாசம் ஊரைத் தூக்கியது. ராசு அதை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது.

ஆளாளுக்கு செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். சூசைமாணிக்கத்துக்கு வாய் வரை பதில் வந்தது. பக்கத்தில் மகள் நிற்கிறாளே, எப்படிச் சொல்வது?

சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் சோலைமலை ஓடி வந்தார். மகளை அங்கேயே நிறுத்திவிட்டு, அவரை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார் சூசைமாணிக்கம்.

"ஐயா, நீங்கதான் காப்பாத்தணும். இது அந்தோணியார் கோயில் கறிச்சோறு அன்னதானத்துக்கு நேந்து விட்ட கெடா. போன வருசம் பாப்பா காய்ச்சல்ல கெடந்தப்ப எம் பொண்டாட்டி நேந்துக்கிட்டா. இன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல ஒப்படைக்கணும்."

"அப்ப கோயிலுக்கில்ல போகணும்? இங்க எதுக்கு வந்தீக?"

"பிள்ள அழுது குடுத்தா நேத்தி சேராதுங்கிறா அவ. பாப்பாவோ ராசு இல்லாம ஒரு வாய் சோறு திங்காது. அதான், ராசு ஜூவுல போயி சொகமா இருக்கப் போகுதுன்னு ஒரு பொய்யச் சொல்லி வச்சேன். எந்தக் கூண்டுன்னு பாக்கணும், நானும் வாரேன்னு கெளம்பிருச்சுய்யா!"

சோலைமலை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"செத்த நேரம் ஏதாச்சும் ஒரு கூண்டுல நிறுத்துங்க. பிள்ள சிரிச்ச மொகமா டாட்டா காட்டிரட்டும். பின்கேட்டு வழியா நான் ஓட்டிட்டுப் போயிர்றேன்."

சோலைமலை தலையைச் சொறிந்தார். "புலிக் கூண்டு காலியாத்தான் கெடக்கு. போர்டு வந்துருச்சு, புலி இன்னும் வரல. வர்றவுக எல்லாம் என்னையத்தான் ஏசுறாக. சரி போங்க, இன்னைக்கு ஒங்க ராசுவாவது நிக்கட்டும்."

ராசு உள்ளே போனது. 'வங்கப்புலி, கிட்டே நெருங்காதீர்கள்' என்ற போர்டுக்குப் பின்னால் நின்று அருகம்புல்லை மேய ஆரம்பித்தது. இளவேனில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அழவில்லை. அப்பாடா, அந்தோணியாரே என்று நெஞ்சில் கை வைத்தார் சூசைமாணிக்கம்.

வைத்த கையை எடுக்கவில்லை, அதற்குள் ஒரு கூப்பாடு.

"ஏலே, புலிக் கூண்டுல ஆட்ட விட்டாச்சு! ஓடியா, ஓடியா!"

மான் பார்த்தவர்கள் மானை விட்டார்கள். ஐஸ்கிரீம் வாங்கப் போனவர்கள் மீதிச் சில்லறையை விட்டார்கள். கூட்டம் அம்புட்டும் புலிக் கூண்டுக்கு முன்னால். ஒருத்தர் மகனைத் தோளில் ஏற்றினார். இன்னொருத்தர் தானே மரத்தில் ஏறினார்.

"புலி உள் ரூம்புல பசியோட இருக்காம். கதவத் தொறந்தா ஒரே பாய்ச்சல்தானாம்!"

"ஐயா, புலியே இல்லைங்க…" என்றார் சூசைமாணிக்கம்.

"மறைக்காதய்யா, குனி!"

முன்வரிசையில் யார்? ஊதாச் சேலை அம்மாவேதான். எல்லாரையும் முழங்கையால் இடித்துத் தள்ளி இடம் பிடித்து, தூக்குவாளியைத் திறந்து பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பிரியாணி, ஒரு கையில் செல்போன். சோலைமலையைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"ஏன் சார், பச்சப் பிள்ளைகள வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் வெயில்ல நிக்கிறது? சீக்கிரம் புலியத் தொறந்து விடுங்க சார்!"

"விடு! விடு!" என்று கூட்டமே கை தட்டியது.

இளவேனில் கூட்டத்தைப் பார்த்தாள். ராசுவைப் பார்த்தாள். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ராசு இங்க வேணாம். கூட்டிட்டுப் போயிருவோம்."

"இல்ல தாயி, இங்கதான் ராசு சொகமா…" சூசைமாணிக்கத்துக்குக் குரல் உடைந்துவிட்டது.

"பொய் சொல்லாதப்பா. நீயும் அம்மாவும் பேசுனத நான் கேட்டுட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ அழுவேன்னுதான் பேசாம வந்தேன்."

அவள் அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"கோயிலுக்கே குடுத்துருவோம்ப்பா. அங்கயாவது செபம் சொல்லிட்டுத் திம்பாங்க."