நண்டு ரசம் குடித்த தளபதி

“நண்டு ரசமா?”

வரலாற்றுப் பேராசிரியை ஆஷிகா கட்டுரைக் கட்டை மேசையில் போட்ட சத்தத்தில் கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்கார்ந்தது.

“தரங்கம்பாடிக் கோட்டையைப் பத்தி எழுதச் சொன்னா, இருபத்திரண்டு பேரு ஒரே கதையை எழுதியிருக்கீங்க. டேனிஷ் தளபதி ஒருத்தர் நண்டு ரசத்துல மயங்கி, ஊருக்குக் கப்பல் ஏறமாட்டேன்னு அடம்பிடிச்சாராம். யாரு சொன்னது?”

“நெட்ல இருக்கு மேம்” என்றாள் பர்வின்.

“நெட்ல யாரு? அவருக்கு எப்படித் தெரியும்? ரசத்தை அவரா பரிமாறினாரு?”

வகுப்பு சிரித்தது. ஆஷிகா சிரிக்கவில்லை.

“ஒரு வாரம் டைம். இந்தப் புரளியை முதல்ல கிளப்பி விட்டது யாருன்னு தேடிட்டு வாங்க. இன்டர்னல்ல பத்து மார்க். தேடாம வந்தா முட்டை.”

அடுத்த வாரம் பர்வின் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து வந்தாள். அந்த வீடியோ, துபாயில் இருக்கும் நாகூர்க்காரர் சமீரின் வலைப்பூவைப் பார்த்து எடுத்தது என்று ஈஸ்வரி கண்டுபிடித்திருந்தாள். ஆளுக்கு ஐந்து மார்க்.

சுடர்விழி நீட்டிய தாளில் ஒரே வரிதான் இருந்தது. ‘ஆதாரம் கிடைக்கவில்லை.’

ஆஷிகாவுக்கு ஆச்சரியம். வகுப்பிலேயே கெட்டிக்காரி இவள்தான்.

“மேம், இவ அந்த சமீருக்கே போன் போட்டுப் பேசினா” என்று போட்டுக் கொடுத்தாள் ஈஸ்வரி.

“பேசினியா? எங்க படிச்சாராம்?”

சுடர்விழி தரையைப் பார்த்தாள். “ஞாபகம் இல்லையாம் மேம்.”

“உடனே விட்டுட்டியா? பாதி வழியில திரும்பி வர்றவங்களுக்கு ஆராய்ச்சி எதுக்கு? ஊருக்குப் போற குத்தாலம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டியாக்கும். உனக்கு முட்டைதான்.”

மறுபடி சிரிப்பு. சுடர்விழி தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்து ஆஷிகா வராந்தாவில் போகும்போது நூலகர் சாவித்திரி கூப்பிட்டார்.

“மேடம், உங்க சுடர்விழி என்ன ஆராய்ச்சி பண்றா? மூணு நாளா பழைய ஆண்டு மலரையெல்லாம் கிண்டிக்கிட்டு இருந்தாளே!”

“மூணு நாளா?”

“ஆமாங்க. துபாய்ல யாரோ ஒருத்தரு, அவரு அக்கா இங்க படிச்சப்ப வந்த மலரைச் சொன்னாராம். நேத்து அது கிடைச்சது. ஒரு பக்கத்தைப் படிச்சா, வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. அப்புறம் முகமே மாறிடுச்சு. இதை யாருக்கும் காட்டாதீங்க, முக்கியமா ஆஷிகா மேம் கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்கன்னா.”

“அதை எடுங்க, பார்ப்போம்.”

சாவித்திரி தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். ஆஷிகா அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்தார். அடியில் இருந்த பெயரை மூன்று முறை படித்தார்.

பிறகு மலரை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வகுப்புக்குத் திரும்பினார். பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் உட்காருங்க. சுடர்விழிக்குப் பத்து மார்க்.”

சுடர்விழி பதறி எழுந்தாள். “வேண்டாம் மேம், எனக்கு முட்டையே இருக்கட்டும்!”

“நீ உட்காரும்மா.”

“அப்ப அந்தப் புரளியைக் கிளப்பினது யாரு மேம்?” பர்வினுக்குப் பொறுக்கவில்லை.

ஆஷிகா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே காலேஜ்ல செகண்ட் இயர் படிச்ச ஒரு பொண்ணு. மலர்ல அரைப்பக்கம் காலியா இருக்கு, ஏதாவது எழுதிக் குடுன்னாங்க. கேன்டீன்ல உட்கார்ந்து அஞ்சே நிமிஷத்துல கதை கட்டிக் குடுத்துட்டு, அதோட மறந்தும் போயிட்டா. அவ பேரு... ஆஷிகா.”