சுக்கு போட்ட மல்லாட்டை

"அடுப்பைக் கொற. பாகு முத்தறதுக்குள்ள மல்லாட்டையைக் கொட்டணும்" என்றாள் மலர்கொடி.

இசைப்பிரியா குறைத்தாள். ஒரு மணி நேரமாக அந்தக் குவார்ட்டர்ஸ் சமையலறையில் சொன்னதைச் செய்வதுதான் அவளுக்கு வேலை.

"சுக்கு எங்க? எங்கம்மா இந்த மேல் அலமாரியிலதான் வெப்பாங்க."

"அங்க பூண்டு இருக்குதுக்கா."

மலர்கொடி பூண்டை இறக்கிவிட்டு, சுக்கு டப்பாவை அங்கே ஏற்றினாள்.

"சென்னையில எட்டு தடவ கிண்டிட்டேன். அம்மா போனப்பறம் அந்த ருசி ஒரு தடவகூட வரல. இன்னிக்காச்சும் வரணும்."

வறுத்த வேர்க்கடலையையும் சுக்கு, ஏலக்காய்ப் பொடியையும் பாகில் கொட்டிக் கிளறினாள். ஆறியதும் ஒன்றை எடுத்து மென்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்துடுச்சு."

ஷிப்ட் முடிந்து வந்த ஜெயப்பிரகாஷ், மனைவியைக் கூடத்துக்கு அழைத்தான்.

"யாரு இவங்க?"

"தெரியலிங்க. இருவது வருஷம் முன்ன இந்தக் குவார்ட்டர்ஸ்ல இருந்தாங்களாம். அவங்கப்பா ரிட்டயர் ஆனதும் காலி பண்ணிட்டாங்களாம். சமையக்கட்டை ஒருதரம் பாத்துக்கட்டுமான்னு கேட்டாங்க."

"கேட்டா உள்ள வுட்டுடுவியா?"

இசைப்பிரியா நாலு கடலையை அவன் வாயில் போட்டாள். அவன் மென்று முடித்தான். பிறகு, கழற்றிய ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"எங்கம்மா செய்யற ரவா உருண்டைக்கு ரவையும் சர்க்கரையும் எடுத்துக் குடு. பதினெட்டாம் பிளாக் வரைக்கும் போய்ட்டு வரேன்."

"அங்க யாருங்க இருக்காங்க?"

"தெரியல. நாங்க முன்ன இருந்த வீடு."