கை வரையாத படம்

“தம்பி, இந்தப் படத்தில உங்களுக்கு என்ன தெரியுதெண்டு டொக்டர் கேக்கிறா. பயப்படாமல் சொல்லுங்கோ” என்றாள் மொழிபெயர்ப்பாளர் அருள்மலர்.

இருநூறு வருடப் பழைய நீர்வண்ண ஓவியம் ஒன்றின் பிரதி அது. ஓவியனாகும் ஆசையில் லண்டனுக்கு வந்த ஓர் இளைஞனின் உருவம். எதிரே இருந்த நோயாளி யதுசனும் படம் வரைகிறவன் என்பதால் வெள்ளைக்கார டொக்டர் அதைத் தேடி எடுத்து வந்திருந்தார்.

சாப்பாடு, தூக்கம், பேச்சு மூன்றையும் விட்டுவிட்டு மூன்று வாரமாக அவன் அந்த லண்டன் மனநல வார்டில் கிடந்தான். அவனை வீட்டுக்கு விடலாமா, இன்னும் வைத்திருக்க வேண்டுமா என்று அன்றைக்கு முடிவாக வேண்டும்.

யதுசன் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

“முகத்தை வடிவாக் கீறியிருக்கினம். கையைக் கீறேல்லை. இவனுக்கு இனிக் கை தேவையில்லை.”

சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒன்பது வருடமாக அருள்மலர் பிசகாமல் காத்துவந்த விதி இது. ஆனால் எதிரே இருப்பது ஊர்ப் பிள்ளை. அவனுடைய அகதி வழக்கு வேறு இழுபறியில் நிற்கிறது. இந்தப் பேச்செல்லாம் ஃபைலில் ஏறினால் பிள்ளையின் கதை கந்தல்தான் என்று நினைத்தாள். மனசு கேட்கவில்லை.

“கைகளை இன்னும் வரையவில்லை, இவன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்கிறான்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

டொக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். படத்திலிருப்பவன் எங்கே பார்க்கிறான் என்று அடுத்துக் கேட்டார்.

“கதவை. எல்லாரும் வெளியில போகட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறான்.”

“கதவைப் பார்க்கிறானாம். வெளியே போகத் துடிக்கிறானாம்.” இரண்டாவது பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அருள்மலரே எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வருடம் இந்த இளைஞன் எங்கே இருப்பான்? அதுதான் டொக்டரின் கடைசிக் கேள்வி.

“அடுத்த வருஷமோ? படம் காய முந்தியே இவன் இருக்கமாட்டான், அக்கா.” அக்கா என்றானே தவிர, அவன் கண் டொக்டரின் முகத்தை விட்டு நகரவில்லை.

அருள்மலர் மேசையிலிருந்த கிளாஸை எடுத்தாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

“பெரிய ஓவியனாக இருப்பானாம்.”

டொக்டரின் முகம் மலர்ந்தது. இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டு, யதுசனின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார்.

“பாத்தீங்களே தம்பி, வீட்டை போகச் சொல்லிட்டா! நான் கொஞ்சம் பக்குவமாச் சொன்னன், அவ்வளவுதான்.” அருள்மலருக்குப் பெருமை பிடிபடவில்லை. “நாங்கள் இங்க பக்கத்தில, கோலியர்ஸ் வுட்டிலதான் இருக்கிறம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்கோ, என்ன?”

யதுசன் ஜாக்கெட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

“நான் கொழும்பில இங்கிலிஷ் மீடியத்தில படிச்சனான், அக்கா. எனக்கு உயிரோட இருக்கப் பிடிக்கேல்லை எண்டு என்ர வாயால டொக்டருக்குச் சொல்லப் பயமாயிருந்தது. நீங்கள் சொல்லிவிடுவியள் எண்டுதான் தமிழாள் வேணுமெண்டு கேட்டனான்.”