வெள்ளைச்சி வந்து நின்ற இடம்

“வெள்ளைச்சிக்கு இனிப்பு கொடுத்தது யாரு?”

யோகா டீச்சர் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதே இல்லை. மணலில் மேட் விரித்து உட்கார்ந்திருந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வேலியோரம் குதிரை வெள்ளைச்சி முன்னங்காலை ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

“குளம்புக்குள்ள வீங்கியிருக்கு. இதுக்கு இனிப்பு ஆகாதுன்னு முதல் நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? யாரோ விடாம கொடுத்துட்டு வர்றாங்கன்னு டாக்டர் அடிச்சுச் சொல்றார். யாரா இருந்தாலும் சரி, இனி இந்த லாயத்து வாசலை மிதிக்கக் கூடாது.”

என் சால்வை நுனியில் இரண்டு சர்க்கரைக் கட்டிகளை முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

ஆமாம், நான்தான்.

இந்த வகுப்பு கொஞ்சம் வேற மாதிரி. நாங்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்போம். குதிரையைக் கட்டாமல் அவிழ்த்து விட்டிருப்பார்கள். யார் மனசு அமைதியாக இருக்கிறதோ, அவரிடம் அது தானாக வந்து நிற்கும் என்பது டீச்சரின் நம்பிக்கை.

முதல் நாலு வாரம் எல்லாரிடமும் போன வெள்ளைச்சி, என்னை மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“உங்க மனசுல இரைச்சல் ஜாஸ்தி மேடம். அது குதிரைக்குக் கேட்குது” என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆபீசில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். எனக்கு அங்கே ‘பூட்டு’ என்று பேர். கடைசியில் குதிரையுமா?

ஐந்தாவது வாரம் ஆபீஸ் டீத் தட்டிலிருந்து சர்க்கரைக் கட்டி எடுத்து வந்தேன். வெள்ளைச்சி நேராக என்னிடம் வந்தது. “பார்த்தீங்களா, மேடம் மனசு தெளிஞ்சுடுச்சு!” என்று டீச்சர் பூரித்துப் போனாள். அதற்கப்புறம் நான் மற்றவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஊருக்கு உபதேசம் செய்ய எனக்குச் சொல்லியா தரணும்!

ஒரு கட்டி, ரெண்டு கட்டியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். இப்போது அதன் காலைப் பார்க்க முடியவில்லை.

“வெளியாள் யாரு செய்யப் போறா? லாயத்துல இருக்கிறவங்களைக் கேளுங்க” என்றார் பக்கத்து மேட் தாடிக்காரர்.

எல்லாரும் குதிரைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது வயசு இருக்கும். வாளியும் கையுமாக நின்றார்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“காலையில முதல்ல அதைத் தொடறதும் இவர்தான், கடைசியா தொடறதும் இவர்தான்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

குதிரைக்காரர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டீச்சரிடம் திரும்பினார்.

“நான்தாம்மா குடுத்தேன்.”

“நீங்களா அண்ணே? பதினோரு வருஷமா இதை வளர்த்த நீங்களா?”

“ஆசையா கேட்டுச்சு. குடுத்துட்டேன்.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “நாளையிலேர்ந்து வர வேண்டாம். ஓனருக்கு நான் சொல்லிக்கிறேன்” என்றாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, “சரி, எல்லாரும் கண்ணை மூடுங்க. மூச்சைக் கவனிங்க” என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். கத்தவும் முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் லாயத்துக்கு ஓடினேன். அவர் வெள்ளைச்சியின் காலைக் குளிர்ந்த தண்ணீர் வாளியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க கொடுக்கலைன்னு எனக்குத் தெரியும்” என்றேன்.

“எனக்கும் தெரியும்மா. காலையில உங்க யோகா மேட்டை எடுத்து வைக்கறப்போ ஒரு சர்க்கரைக் கட்டி உருண்டு விழுந்துச்சு.”

“தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டீங்க?”

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்க கையை அங்கேயே தட்டி விட்டிருப்பேன்.” அவர் குரலில் கோபம் இருந்தது. “இதுக்கு அது விஷம்மா. இனிமே சத்தியமா வேண்டாம்.”

சால்வை முடிச்சை அவிழ்த்து இரண்டு கட்டிகளையும் அவர் கையில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட இப்படித் தலை குனிந்து நின்றதில்லை.

“இப்பவே போய் டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். உங்களைத்தான்னு கையைக் காட்டினவளே நான்தானே. எனக்காக நீங்க ஏன் வேலையை விடணும்?”

“சொன்னா உங்களை உள்ளேயே விட மாட்டாங்கம்மா.”

“விடாட்டிப் போகட்டும். உங்களுக்கு இது பிழைப்பு. எனக்கு வெறும் வகுப்புதானே?”

அவர் வெள்ளைச்சியின் காலைத் துடைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

“எனக்கு வேற லாயம் கிடைக்கும்மா. ஆனா ‘என்னைத் தேடி வர்ற ஒரே ஜீவன் நீதான்’னு போன வாரம் இது காதுல சொல்லி அழுதீங்களே, அப்ப நான் பக்கத்துத் தடுப்புலதான் வைக்கோல் போட்டுட்டிருந்தேன்.”