பொந்துக்கு மருந்து

"ஒண்ணுகூட மிச்சமில்ல நைனா. மருந்து அட்ச்சுட்டேன். நம்பலன்னா நீயே வந்து பாத்துக்கோ."

கேட் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார் வாட்ச்மேன் தேசப்பன். ஷிப்டுக்கு வந்த பூமிகா அப்படியே நின்றுவிட்டாள்.

காக்களூரில் அந்த போல்ட் கம்பெனிக்குப் பின்னால் பழைய புளியமரம் ஒன்று. அதன் பொந்துகளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்திகள். அழிந்துவரும் இனம், வெளிநாட்டில் வீட்டில் வைத்து வளர்க்க வாங்குகிறார்கள், பிடித்துப்போக ஆள் வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன மாதம் அவரிடம் சொன்னதே அவள்தான்.

"மருந்தா அடிச்சீங்கண்ணா?"

"வேற இன்னா பண்றது? பூச்சி வேணும்னு தெனம் போன் போட்டு ஒரே பேஜாரு."

"அதுக்குக் கொன்னுடுவீங்களா? நான் வனத்துறைக்கு எழுதப் போறேன்."

"எழுதும்மா. அவன் மத்தியானம் வரான். வந்துட்டுப் போவட்டும்."

சாப்பாட்டு நேரத்தில், போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பென்னி பைக்கில் வந்தான். பை நிறைய, மூடியில் ஓட்டை போட்ட டப்பாக்கள்.

தேசப்பன் ஊறுகாய் பாட்டில் ஒன்றை நீட்டினார். உள்ளே ஏழு சிலந்திகள், கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தன. பூமிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பென்னி செல்போன் படத்தை பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "இதேதான். கெடுத்தியே பெரிசு." மூடியில் கை வைத்தான்.

"தொடாத நைனா. கம்பெனி மருந்து. தோலு உரிஞ்சிடும்."

கையை எடுத்தான். ஆனாலும் பாட்டிலை விடவில்லை. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினான். தேசப்பன் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொந்துக்குள்ள ஒண்ணு ரெண்டு உசுரோட இருக்கும்ல?"

"கைய வுட்டுப் பாரு. யாரு வேணான்றது?"

பென்னி மரத்தைப் பார்த்தான். பிறகு பூமிகாவைப் பார்த்தான். அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யாருக்கோ போன் போட்டான். "அந்த மரத்த மறந்துடு சார். எல்லாம் பூட்ச்சு."

பைக் சத்தம் மெயின்ரோடு வரை போய்த் தேய்ந்தது.

"இந்தாம்மா," பாட்டிலை அவளிடம் நீட்டினார் தேசப்பன். "வனத்துறைக்கு எழுதச் சொல்லோ இதையும் வெச்சு அனுப்பு."

அவளே மூடியைத் திறந்தாள். மருந்து வாசனை இல்லை. ஒன்றை உள்ளங்கையில் கவிழ்த்தாள். வெங்காயத் தோல் அளவுக்குக்கூடக் கனமில்லை. முதுகு திறந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"பாம்பாட்டம் இதுங்களும் சட்ட உரிக்குது. பெருக்கச் சொல்லோ பொறுக்கி வெச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா உன் மூஞ்சே காட்டிக் குடுத்திருக்கும். அவன் பாட்டில நம்பலம்மா. நீ அழுதத நம்பினான்."

தேசப்பன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு நடந்தார். பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த கரப்பான்பூச்சியைப் பொந்துக்குள் விட்டார்.